கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் உத்தியோகம்

ஒருவர் வீட்டுக்கு உதவிக்குப் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நிற்பதுதான் எங்கள் தொழில். கேட்கச் சுகமாக இருக்கிறதா? வீட்டில் வாதம் வந்த அத்தையோ கண் தெரியாத மாமாவோ இருக்கிறவர்களைக் கேளுங்கள். அந்த மாமா ஒரு சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் நம்முடைய விரல்கள் படுகிற பாடு அவர்களுக்குத் தெரியும். அந்தப் பாடு பட்டவர்களெல்லாம் என் கட்சி. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

வேலை கிடைத்த விதம்

ஆம்பூரில் எங்கள் சபைப் பெண்கள் ஒரு வீட்டு உதவிக் குழு நடத்துகிறார்கள். வயசானவர்கள், கை கால் முடியாதவர்கள், பார்வை போனவர்கள் ஆகியோர் அவரவர் வீட்டில் அவரவர் இஷ்டப்படி இருப்பதற்கு வழி பண்ணிக் கொடுப்பது வேலை. ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாதான் தலைமை. ஓய்வு பெற்றாலும் ஊருக்கு அவர் மேட்ரனம்மாதான். நானோ போன வருஷம் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவள். கணக்குத்தான் வராதே தவிர, குரல் என்றால் எனக்கு அத்துப்படி. எங்கள் போதகர் பிரசங்கத்துக்கு முன்னால் தொண்டையைச் செருமுவது, தோல் மண்டிக் கணக்குப்பிள்ளை பொடி போட்டுத் தும்முவது, எங்கள் அம்மா கடன் கேட்க வந்தவர்களிடம் மட்டும் இருமுவது என்று ஒருவரையும் நான் விட்டுவைத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், கோயிலுக்குப் பின்னால் என் சிநேகிதிகளுக்கு மேட்ரனம்மாவைச் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். “ஏம்மா, இது வார்டா, மார்க்கெட்டா? யாரும்மா அங்க வாயைத் திறந்தது?” என்று நான் மிடுக்காக அதட்ட, அதுவரை விழுந்து விழுந்து சிரித்தவர்கள் திடீரென்று சங்கீதப் புத்தகத்தைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார்கள். திரும்பினால் மேட்ரனம்மா. அடிதான் விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “எஸ்தர், நாளைக்குக் காலையில என்கூட வேலைக்கு வந்துடு. வாய் இவ்ளோ வேலை செய்யுதே, கை என்ன செய்யுதுன்னு பார்ப்போம்.”

காதர் பாயின் டீ

கை என்ன செய்தது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. மசூதித் தெருவில் காதர் பாய் என்று ஒருவர். தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தபோது கண்ணில் சுண்ணாம்பு தெறித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய்விட்டது. ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார். நாங்கள் போனபோது டீ வடித்துக்கொண்டிருந்தார். கொதிக்கிற டீ, கண்ணாடி டம்ளர், கண் தெரியாத மனிதர். எனக்குப் பொறுக்குமா? “குடுங்க பாய்!” என்று பாத்திரத்தைப் பிடுங்கப் போனேன். அதுவரை ஒரு சொட்டுச் சிந்தாதவர், என் கை பட்டதும் திடுக்கிட, டீ முழுவதும் தரையில். அன்றைக்குத்தான் மேட்ரனம்மா என் இரண்டு கையையும் பிடித்து முதுகுப் பக்கம் கொண்டுபோய்க் கோத்துவிட்டார். வீட்டுக்காரர் கூப்பிட்டால் மட்டும்தான் பிரிக்க வேண்டும். அதுதான் குழுவின் சட்டம்.

மறுவாரம் தனியாகப் போகும்போது கை கட்டித்தான் இருந்தது. வாயை யாரும் கட்டவில்லையே? வாசலில் நின்றுகொண்டு மேட்ரனம்மா குரலில், “பாய், கண்ணுக்கு மருந்து விட்டாச்சா? நேத்தும் விடலைன்னு கேள்விப்பட்டேனே!” என்று ஓர் அதட்டல் போட்டேன். காதர் பாய் பயப்படவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். “மேட்ரனம்மா செருப்பைக் கழட்டினா ரெண்டும் ஒண்ணா வந்து வுழும். உன்னுது ஒண்ணு வாசல்ல, ஒண்ணு தெருவுல வுழுந்துச்சு. குரல் ஃபஸ்ட் கிளாஸ் பேட்டி, கால்தான் பெயிலு.” பேட்டி என்றால் அவர் பாஷையில் மகள்.

தெய்வானை அக்காவின் வழக்கு

நாங்கள் உதவிக்குப் போகிற ஆட்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் தெய்வானை அக்கா. அறுபதை நெருங்குகிறவர்தான், ஆனால் தெருவுக்கே அக்கா. குடியாத்தத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்து ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டவர். புருஷன் போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. வாதம் வந்து இடது கையும் இடது காலும் பேருக்குத்தான் இருந்தன. ஒரு நாள் அடுப்பங்கரையில் வழுக்கி விழுந்தவர், எழுந்திருக்க முடியாமல், காலையில் பால்காரர் வந்து கதவைத் தட்டும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். சேதி கேட்டுக் குடியாத்தத்திலிருந்து தம்பி நடேசன் ஓடிவந்தார்.

நடேசன் கெட்டவர் இல்லை. அக்காவைப் பார்த்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதவர். அந்தப் பயத்தில்தான் பிடிவாதமாக நின்றார். “தனியா வுட்டுட்டு நான் எப்டிம்மா தூங்குறது? என்கூட வந்துடட்டும். தறி ஓரமா ஒரு கட்டிலைப் போட்டா, காலாட்டிக்கினு உக்காந்திருக்கலாம்.” அக்கா முடியவே முடியாது என்றார். கடைசியில் மேட்ரனம்மா நடுவில் புகுந்து பங்குனி வரை தவணை வாங்கினார். நடேசன் வந்து ஒரு பகல் உட்கார்ந்து பார்ப்பார். யாரும் கை கொடுக்கக் கூடாது. அக்கா தானே சமைத்து அவருக்கு இலை போட வேண்டும். போட்டால் இங்கேயே இருக்கலாம், இல்லாவிட்டால் சாயங்கால பஸ்ஸில் மூட்டை முடிச்சோடு குடியாத்தம். அவர் போனபிறகு, “தம்பி வூட்ல நல்லாத்தானே பாத்துப்பாங்க, ஏன்க்கா இவ்ளோ பேஜார்?” என்று கேட்டேன். “நல்லாத்தான் பாத்துப்பான். வேளா வேளைக்குச் சோறு வரும். ஆனா எனக்குப் பசிக்குதான்னு யாரும் கேக்க மாட்டாங்கடி.”

ஸ்டூலுக்கு ஜோடு

வீட்டை அவருக்கு ஏற்றபடி மாற்ற ஆரம்பித்தோம். அடுப்பைச் செங்கல் மேடைமேல் ஏற்றினோம். பானையை எட்டுகிற உயரத்துக்கு இறக்கினோம். நாலு கால் ஸ்டூல் ஒன்றை முன்னால் நகர்த்தி வைத்து, அதைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி, மறுபடி நகர்த்தி ஓர் அடி என்று நடை. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: விழுந்தால் எழுந்திருப்பது எப்படி? உத்திரத்திலிருந்து ஒரு வார் தொங்கினால் அதைப் பிடித்து எழுந்துவிடலாம் என்றார் மேட்ரனம்மா. விஷயத்தைக் கேட்டு, காதர் பாய் பழைய ஷாப் தோஸ்து ஒருவரிடம் சொல்லி, யானையையே கட்டலாம் போலிருந்த ஒரு தோல் வார் வாங்கிக் கொடுத்தார். நான் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வெற்றி வீரனைப்போல அடுப்பங்கரைக்குள் நுழைந்தேன்.

தெய்வானை அக்கா முகம் மாறிவிட்டது. அடுப்புக்குப் பக்கத்திலேயே மாடத்தில் முருகன் படம். “தோலா? இதை அடுப்பாண்டயா கட்டப்போறே? செருப்பைக் கொண்டாந்து குழம்புக்கு மேல தொங்கவுடுவியா நீ?” ஊரே தோல் தொழிலால் சாப்பிடுகிற ஊர் இது. அந்த அவசரத்தில், அடுப்பங்கரையில் வேறு சட்டம் இருக்கும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. திரும்ப எடுத்துக்கொண்டு போய், காதர் பாய்க்கு எப்படிச் சொல்வது என்று அவர் வாசலில் மென்று முழுங்கினேன். அவர் ஒரே நிமிஷத்தில் முடித்துவிட்டார். “அவங்க அடுப்பு, அவங்க இஷ்டம். இதுல இன்னா இருக்குது? அந்த ஸ்டூலு சிமெண்டுத் தரையில வழுக்குதுன்னியே, அது காலுக்கு இந்தத் தோலுலயே நாலு ஜோடு வெட்டித் தர்றேன். ஜோடு தரையிலதானே இருக்கும்? போய்க் கேட்டுட்டு வா பேட்டி.”

கழிவு நூல்

ஜோட்டுக்கு அக்கா சம்மதித்தார். காதர் பாய் விரலால் அளந்து வெட்டிக் கொடுத்ததை ஸ்டூல் காலில் ஆணி அடித்ததும், அது பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின பிள்ளை மாதிரி அடக்கமாக நின்றது. வாருக்கு என்ன செய்வது? கைலித் தறியில் மிஞ்சுகிற கழிவு நூலை விளக்குத் திரிக்கும் துடைக்கவும் ஆகட்டும் என்று நடேசன் மூட்டை மூட்டையாக அனுப்பியிருந்தார். பச்சையும் ஊதாவும் சிவப்புமாக மூலையில் கிடந்தது. அக்கா அதை உருவி, முனையை ஜன்னல் கம்பியில் கட்டச் சொல்லி, வலது கையால் பின்ன ஆரம்பித்தார். நூல் நழுவிக்கொண்டே இருந்தது. என் கை பின்னால் கிடந்து தவித்தது. ஒரு விரலால் பிடித்தால் போதும், ஒரே ஒரு விரல்!

அக்கா என்னைக் கூப்பிடவில்லை. இடது கையைத் தூக்கிப் பின்னல்மேல் பொத்தென்று வைத்தார். அது கல்லு வைத்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. நூல் நழுவவில்லை. வாதம் வந்த பிறகு அந்தக் கை பார்த்த முதல் வேலை. மேட்ரனம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அக்கா தன் கையைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னார்: “இவ்ளோ நாளா சும்மா உக்காந்து தின்னியே, இனிமேட்டு ஒழுங்கா வேலைக்கு வந்துடு.”

ஒத்திகை

வார் தொங்கியது. அக்கா தரையிலிருந்து எழவும் பழகிவிட்டார். ஆனால் ஒரு சங்கடம். யாராவது “ஐயோ!” என்று கத்தினால் போச்சு, உடம்பு உதறி, பிடி விட்டுவிடும். கீழே விழுவதில் பாதி, பக்கத்தில் இருக்கிறவர்கள் போடுகிற கூச்சலால்தான் என்றார் மேட்ரனம்மா. நடேசனோ கூச்சல் போடுவதற்கென்றே பிறந்தவர். அவர் பேச்சு கீழே ஆரம்பித்து, குழாயடியில் குடம் நிரம்புகிற மாதிரி மேலே ஏறி, கடைசியில் கீச்சென்று முடியும்.

எனக்கு அதைவிட என்ன வேண்டும்? தினமும் வாசற்படியில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து நடேசன் ஆனேன். அக்கா குடத்தைச் சாய்த்தால், “அக்கா, பாத்து! வுழுந்துடப் போற!” ஸ்டூலை நகர்த்தினால், “ஐயையோ, காலு, காலு!” முதல் நாள் தண்ணீர் கொட்டியது. மறுநாள் கரண்டி பறந்தது. போகப்போக அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். ஒரு நாள் நான் தொண்டை கட்டிப்போய்ப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். குழம்பு தாளித்துக்கொண்டே உள்ளேயிருந்து குரல் வந்தது: “எங்கடி என் தம்பி? அவன் கத்தாம எனக்குக் கடுகே வெடிக்கல.”

பரீட்சை

பங்குனியில் நடேசன் வந்தார். கையில் காலி டிரங்குப் பெட்டி. அக்கா சாமானைக் கட்டத்தான். வாசற்படியில் அவர், அவர் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நானும் மேட்ரனம்மாவும். உள்ளே அக்கா ஸ்டூலும் ஜோடுமாக நடந்து, உலை வைத்து, கத்தரிக்காயை அரிவாள்மணையில் ஒற்றைக் கையால் நறுக்கி, குழம்பு கூட்டினார். நடேசன் துண்டை முறுக்கினார், பிழிந்தார், கடித்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. சோறு வடிக்கிற நேரத்தில் கரண்டி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் சரிந்து, தரையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

“அக்கா! பாத்து! வுழுந்துடப் போற!” விழுந்தபிறகுதான் நடேசன் கத்தினார், ஆனால் ஒரு சொல் மாறாமல் நான் ஒத்திகையில் போட்ட அதே குரல். உள்ளே அக்கா தரையில் உட்கார்ந்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “போடா, எஸ்தரு உன்னைவிட நல்லாக் கத்துவா!” நடேசன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்துவிட்டுத் தூக்கிவிட ஓடினார். அக்கா சிரிப்பை நிறுத்தினார். “அங்கயே நில்லு. கையைப் பின்னால கட்டு.” சொன்ன தோரணையில் அந்த மனிதர் கட்டிவிட்டார். நாங்கள் மூன்று பேரும் கை கட்டி வரிசையாக நிற்க, அக்கா வாரை எட்டிப் பிடித்தார். தொங்கினார். பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். என் நகம் என் உள்ளங்கையிலேயே பதிந்தது. இரண்டாம் தடவை அந்த இடது கை மெதுவாக மேலே போய் வார்மேல் படிந்தது. எழுந்து நின்றார். நடேசன் வாரையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது நம்ம தறி நூலு, அக்கா,” என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

சாயங்கால பஸ்ஸில் அவர் தனியாகத்தான் போனார், பெட்டியும் காலியாகத்தான் போனது. ஆனால் அது முடிவானது அதற்கு முன்பே, சாப்பாட்டு வேளையில். இலை விரிந்தது, சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. நடேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வாய் போட்டார். பழக்க தோஷம், தம்பி என்கிற அதிகாரத்தில் இலையிலிருந்து நிமிராமலே, “உப்பு கம்மிக்கா,” என்றார். தெய்வானை அக்கா ஸ்டூலில் சாவகாசமாக உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டு சொன்னார்: “ஜாடி அடுப்பாண்ட இருக்குது. உனக்குத்தான் ரெண்டு காலும் நல்லாருக்குதே, எழுந்து போய்ப் போட்டுக்கோ.”

இன்றைக்கும் என் உத்தியோகம் என்னவென்று கேட்கிறவர்களிடம் கை கட்டிச் சும்மா நிற்பது என்றுதான் சொல்கிறேன், அதற்குப் போய் உடம்பெல்லாம் ஏன் இப்படி வலிக்கிறது என்றுதான் எங்கள் அம்மாவுக்குப் புரியமாட்டேன் என்கிறது.