சூடான பிறகு வந்த சத்தம்

கோட்டில் வழக்குப் பேசும் பிறக்கிராசியார் காரை விட்டு இறங்காமலே என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

“தம்பி, இந்தத் தட்டல் உமக்கும் கேக்குதோ, எனக்கு மட்டுந்தான் கேக்குதோ?”

எனக்கும் கேட்டது. தகரப் பேணிக்குள் சிறு கற்களைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அப்படியொரு கிணுகிணுப்பு. அக்சிலேற்றரை மிதித்தால் கூடியது, காலை எடுத்தால் குறைந்தது. அவருடைய கார் றைவர் சூசை தலையை வெளியே நீட்டினான்.

“காலமை நல்லாய்த்தான் ஓடுது அண்ணை. பின்னேரம் வீட்டை போகேக்கைதான் தொடங்குது.”

முழு விடையும் அந்த வசனத்திலேயே இருந்தது. அதை நான் அவனுக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டேன். இப்போது மோட்டார் வேலை பழகும் பிள்ளைகளுக்கு என் வேலைக்கால அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். கெட்டித்தனமாகச் செய்தவை சில உண்டு. அவற்றை எழுத முன்னர் இதை எழுதி முடிக்க வேண்டும்.

காதுக்கு வந்த பெயர்

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய வருடங்கள் அவை. நான் கொக்குவிலில் ஆங்கிலம் படித்து, கந்தோர் வேலை கிடைக்காமல், கொழும்பில் ஒரு கராஜில் தொழில் பழகி, யாழ்ப்பாணப் பட்டினத்துக்குத் திரும்பி வந்து, ஒரு கராஜில் தலைமை மெக்கானிக்காக இருந்தேன். ஆணி முறுக்கும் நீளமான திருப்புளி ஒன்றின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்பேன். பெயாரிங் தேய்ந்தால் அடியிலிருந்து கனத்த இடி வரும். வால்வு இடைவெளி கூடினால் தையல் மெசின் மாதிரி டிக் டிக் என்னும். புகைக்குழாய் மூட்டில் இருக்கும் எக்ஸோஸ்ற் கஸ்கற் எரிந்துபோனால் ‘புஸ் புஸ்’ என்று மூச்சு வாங்கும். சைலென்சர் வெடித்தால் அதற்குக் காது தேவையில்லை, அடுத்த தெருவுக்கே கேட்கும்.

ஒருமுறை, புகைக்குழாயில் பேய் ஊளையிடுகிறது என்று ஒரு கார் வந்தது. செத்தவீடு காரணமாகப் பல நாள் எடுக்காமல் நின்ற கார். குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. கம்பியால் குத்தி எடுத்தேன். அதிலிருந்து என் காதுக்கு ஊரில் பெயர் வந்துவிட்டது. “அண்ணை காதை வைச்சாரெண்டால் எஞ்சின் தானாகவே குற்றத்தை ஒப்புக்கொள்ளும்” என்று எங்கள் கராஜ் பிற்றர் கந்தையா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவான். நானும் அதை மறுத்ததில்லை.

பிறக்கிராசியார் என்னைத் தேடி வந்ததும் அந்தப் பெயரைக் கேட்டுத்தான்.

தகரம்

சூசையை வெளியே நிற்க விட்டுவிட்டு, அவர் என்னை உள்ளே கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“என்னைக் கோட்டிலை இறக்கிப்போட்டு உவன் ஒவ்வொரு நாளும் காரைக் குருநகருக்குக் கொண்டுபோறானாம். என்ரை கிளாக்கர் தன்ரை கண்ணாலை கண்டிருக்கிறார். பெற்றோலும் முந்தியைவிடக் கெதியாய் முடியுது. எனக்கெண்டால் மனம் சரியில்லை. நீர் பாத்துச் சொல்லும். நீர் ஓமெண்டு சொன்னால் அவனை நான் வைச்சிருக்கமாட்டன். கோட்டடியிலை வேறை ஒருத்தரும் வைச்சிருக்கவும் மாட்டினம்.”

சூசைக்கு மூன்று பெண்பிள்ளைகள். அவனுடைய ஊரான குருநகரில் எல்லோரும் கடலுக்குப் போக, கார் ஓட்டப் பழகியவன் அவன். காரைக் கராஜுக்குக் கொண்டுவரும் நாட்களில் வாசலில் நின்றே “அண்ணை, உங்கடை வைத்தியம் எப்பிடிப் போகுது?” என்று கேட்பான். எனக்கு அவனைப் பிடிக்கும். ஆனால் பிறக்கிராசியார் பேசி முடித்த பிறகு நான் வெளியே வந்து பார்த்த சூசை வேறு ஆளாகத் தெரிந்தான். ஏன் மட்கார்டில் சாய்ந்து நிற்கிறான்? ஏன் என் முகத்தைப் பார்க்கிறான்?

எஞ்சினைத் திறந்தேன். திருப்புளியை வைத்துக் கேட்டேன். பெயாரிங் இல்லை, வால்வு இல்லை. இக்னிஷன் நேரத்தைச் சற்றுப் பின்னுக்கு வைத்துப் பார்த்தேன். சத்தம் கொஞ்சம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. றேடியேற்றர் மூடியைத் திறந்தேன். கழுத்துவரை தண்ணீர் இருந்தது. மூடினேன்.

அந்த நேரத்தில் கந்தையா பின் ஆசனத்தைத் தூக்கிவிட்டுக் கத்தினான். “அண்ணை, இஞ்சை வாருங்கோ. புதையல்!”

ஆசனத்துக்கு அடியில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரம். மேல்மூடி வெட்டி, கயிற்றுப் பிடி கட்டியிருந்தது. முகர்ந்தேன். மண்ணெண்ணெய் மணத்தது. உண்மையில் மணத்ததா என்று இன்றைக்குக் கேட்டால் சொல்லத் தெரியாது.

பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்தால் எஞ்சின் இதே கிணுகிணுப்பைத்தான் தரும். பெற்றோலை உறிஞ்சி விற்றுவிட்டு மண்ணெண்ணெயால் நிரப்பும் றைவர்மார் சிலர் அப்போது இருந்தார்கள். காலையில் சத்தமில்லை, கோட்டுக்குப் போன பிறகு சத்தம். இடையில் குருநகர். ஒன்றுக்குமேல் ஒன்றாக எல்லாம் பொருந்தியது.

கடதாசி

பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. வெள்ளைக் கடதாசியில் சில துளி விட்டு உலரவிட்டால், பெற்றோல் தடமின்றிப் போய்விடும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும்.

விட்டேன். உலர்ந்தது. கறை இல்லை.

“என்னண்ணை, சுத்தமாய்க் கிடக்குது?” என்றான் கந்தையா.

“இண்டைக்குக் கராஜுக்கு வாறதெண்டு அவனுக்குத் தெரியுந்தானே” என்றேன்.

தாங்கியில் கிடக்கும் பெற்றோல் ஒரு பொழுதுக்குள் சுத்தமாகிவிடாது. அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கறை இருந்திருந்தால் அவன் கள்ளன், கறை இல்லாதபடியால் கெட்டிக்காரக் கள்ளன் என்று என் மனம் முன்னரே முடிவு கட்டிவிட்டது. புகைக்குழாய்க்குள் விரலை விட்டேன். கரி ஒட்டியது. எந்தக் காரின் குழாய்க்குள் விட்டாலும் ஒட்டும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

பிறக்கிராசியார் சூசையை உள்ளே கூப்பிட்டார். தகரத்தை அவன் முன்னால் வைத்தேன்.

“சூசை, இது என்னத்துக்கு?”

“தண்ணிக்கு அண்ணை. றேடியேற்றருக்கு.”

“குருநகருக்கு ஏன் ஒவ்வொரு நாளும் போறாய்?”

“தண்ணி விடத்தான். ஓடிவந்தால் குறைஞ்சுபோகுது. எங்கடை வீட்டடிக் கிணத்திலை அள்ளி விடுறன்.”

பிறக்கிராசியார் சிரித்தார். “என்ரை வீட்டிலை கிணறு இல்லையோ? எங்கடை இணுவில் முழுக்கக் கிணறு. இவர் தண்ணிக்குக் கடற்கரைக்குப் போறாராம்!”

சூசை பிறக்கிராசியாரின் முகத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்லுவேன் என்று எதிர்பார்த்தவன் போல நின்றான். பிறகு தகரத்தைக் குனிந்து எடுத்துக்கொண்டான்.

“கதையன்ரா. வாய் இல்லையோ?” என்றார் பிறக்கிராசியார்.

“சொல்ல ஒண்டுமில்லை ஐயா.”

பிறக்கிராசியார் என் பக்கம் திரும்பினார். “நீர் என்ன சொல்லுறீர்?”

“மண்ணெண்ணெய்ச் சத்தம்தான் ஐயா” என்றேன்.

சூசை கார்ச் சாவியை ஆசனத்தில் வைத்துவிட்டு, தகரத்தோடு நடந்து போனான். வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். “அப்ப வாறன் ஐயா” என்றான். அதுவரை அவனுக்கு நான் அண்ணை.

வெள்ளைப் படிவு

புது றைவர் பிறக்கிராசியாரின் சொந்தக்காரப் பெடியன். குருநகர்ப் பக்கமே போகாதவன். சில கிழமைகளில் அதே கார் அதே கிணுகிணுப்போடு திரும்பி வந்தது. இந்தமுறை எஞ்சின் கொதித்து, மூடியால் ஆவி அடித்துக்கொண்டிருந்தது.

“தண்ணி பாக்கிறேல்லையோ?” என்று அவனைக் கேட்டேன்.

“சூசையைப்போல நாள் முழுக்கத் தண்ணி சுமக்க என்னாலை ஏலாதண்ணை. அவனை வீட்டுக் கிணத்திலை தொடவிடாதபடியால் பாவம் அலைஞ்சு திரிஞ்சவன். பிறக்கிராசியாற்றை தமக்கை விட்டவவே? மீன் நாறுற தகரம் சாமிக்கு அள்ளுற கிணத்துக்கை போகக்கூடாதெண்டு. வேலைக்காரன்தான் எட்ட நிண்டு ஊத்துவான். பிறகு சூசை கேக்கிறதையே விட்டிட்டான்.”

நான் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினேன். தண்ணீர் ஓடும் வழிகளில் வெள்ளையும் மண்ணிறமுமாகத் தடித்த படிவு. எங்கள் வீடுகளில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலுக்குள் படிகிற அதே படிவு. கடற்கரைக் கிணற்றின் உவர்நீர் அதை இன்னும் கெதியாகப் படியவைத்திருக்கிறது. சில துளைகளில் ஊசிகூட நுழையவில்லை. தண்ணீர் சுற்றாமல் எஞ்சின் சூடாகி, அந்தச் சூட்டில் பெற்றோல் முன்கூட்டியே வெடித்திருக்கிறது. காலையில் குளிர்ந்த எஞ்சின், அதனால் சத்தமில்லை. ஓட ஓடச் சூடு, அதனால் பின்னேரத்தில் சத்தம். பெற்றோல் கூடச் செலவானதும் அதனால்தான். சூசை விழுந்து விழுந்து தண்ணீர் நிரப்பியபடியால் கொதிப்பு வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது. றேடியேற்றர் மூடியைத் திறந்த அன்று விரலை உள்ளே விட்டுத் தடவியிருந்தால் படிவு நகத்தில் ஒட்டியிருக்கும்.

எங்கள் வீட்டிலும் தண்ணீர் சுமக்க மண்ணெண்ணெய்த் தகரம்தான் வைத்திருந்தோம். யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டில் இல்லை? எங்கள் வீட்டிலும் இன்னார் கிணற்றில் அள்ளலாம், இன்னார் அள்ளக்கூடாது என்று இருந்தது. சூசை ஏன் வாய் திறக்கவில்லை என்பது எனக்கு அன்றே விளங்கியிருக்க வேண்டும். முதலாளியின் முகத்துக்கு நேரே ‘உங்கள் வீட்டில் என்னை விடமாட்டார்கள்’ என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அதை எனக்காகச் சொல்லுங்கள் என்றுதான் என்னைப் பார்த்திருக்கிறான்.

சலவைச் சோடாவைக் கரைத்து விட்டு, சுரண்டி, திரும்பத் திரும்பக் கழுவினேன். சத்தம் அடியோடு நின்றது. பின்னேரம் பிறக்கிராசியார் வந்தார்.

“என்ன கிடந்தது தம்பி?”

படிவைச் சுரண்டிய தட்டு மேசைக்குக் கீழே இருந்தது. அதை எடுத்து அவர் முன்னால் வைத்தால் போதும். கந்தையா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் காதைப் பற்றி ஊரில் இருந்த பெயரை நினைத்தேன்.

“கரி படிஞ்சு கிடந்தது ஐயா” என்றேன்.

“பாத்தீரே! அவன் ஊத்தின மண்ணெண்ணெய்தான் கரியாய்ப் படிஞ்சிருக்கு.”

நான் தலையாட்டினேன். முதல் தடவை சொன்னது பிழை. இரண்டாவது தடவை செய்தது பொய். சூசைக்கு அதன் பிறகு பட்டினத்தில் கார் ஓட்ட ஒருவரும் வேலை கொடுக்கவில்லை.

குருநகரில் ஒரு நாள்

அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ, கராஜ் லொறியை எடுத்துக்கொண்டு கடற்கரை றோட்டால் வந்தேன். வழியில் றேடியேற்றரின் தண்ணீர்க் குழாய் வெடித்து லொறி கொதித்து நின்றது. குழாயைக் கட்டிவிட்டேன். ஊற்றத் தண்ணீர் இல்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் எழுந்து வந்தான். சூசை. கறுத்து மெலிந்திருந்தான்.

“கொதிக்குதே ஐயா? நில்லுங்கோ, தண்ணி கொண்டுவாறன்.”

அதே தகரம். கயிற்றுப் பிடிகூட மாறவில்லை. கிணற்றில் அள்ளிக்கொண்டு வந்து, மூடியைத் திறக்கும் முன்னர் என் முகத்துக்கு நேரே பிடித்தான்.

“மணந்து பாருங்கோ ஐயா. மண்ணெண்ணெய் இல்லை.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

அந்தத் தண்ணீரை லொறிக்கு விடக்கூடாது என்று எனக்குத் தெரியும். விடவேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். உவர்நீர் படியும், படிந்தால் சூடாகும், சூடானால் தட்டும் என்று நான் சொல்ல வேண்டிவரும். சொன்னால் மிச்சத்தை அவனே விளங்கிக்கொள்வான். உண்மையை ஒப்புக்கொள்ள அன்றைக்கு இடம் கிடைத்தது, சாட்சிக்கு ஆட்களும் நின்றார்கள். “விடு” என்று மட்டும் சொன்னேன். அவன் அவசரப்படாமல், ஆறுதலாக, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினான்.

பிள்ளைகளே, எஞ்சின் தட்டினால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சூடாக முன்னரா, சூடான பிறகா என்பது. பிறகு றேடியேற்றருக்குள் விரலை விட்டுப் பாருங்கள். எங்கிருந்து தண்ணீர் விடுகிறீர்கள் என்று றைவரைக் கேளுங்கள். அவன் சொல்லத் தயங்கினால், அவனுடைய முதலாளியை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

கராஜுக்கு வந்ததும் லொறி றேடியேற்றரின் அடிக்குழாயைத் திறந்து, சூசை ஊற்றிய தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை நிலத்தில் விட்டேன். பிறகு எங்கள் கிணற்றில் அள்ளி நிரப்பினேன்.