அண்ணாச்சியின் நீல நாற்காலி

என் வீட்டுப் பால்கனியில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. ஒரு கை உடைந்துவிட்டது. முதுகில் வெள்ளை பெயிண்டில் எழுதியிருந்த கடைப் பெயர் பாதிக்கு மேல் உரிந்துவிட்டது. வெயிலில் கிடந்து கிடந்து அதன் நீலமும் வெளுத்துப் போய்விட்டது. மயிலாப்பூரில் எங்களுடைய சின்ன வீட்டில் இதற்கு இடம் ஒதுக்கியதை என் கணவர் இன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. தெருவில் பழைய சாமான்காரரின் குரல் கேட்டால் அவர் கண் தானாக அந்தப் பக்கம் போகும். நான் முறைத்ததும் செய்தித்தாளுக்குத் திரும்பிவிடுவார்.

இதை நான் முதன்முதலில் பார்த்தது தி.நகரில், நந்தனம் பக்கமாகப் போகும் ஒரு பெரிய சாலையில், ஒரு பாத்திரக்கடை வாசலில். வாசல் என்றால் படியில் அல்ல, ரோட்டில். சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரோட்டோரம் ஒரு நாற்காலி தனியாகக் கிடந்தால் அந்த இடம் யாருக்கோ சொந்தம், அங்கே வேறு யாரும் வண்டி நிறுத்தக் கூடாது என்று பொருள். சிலர் பழைய டயர் போடுவார்கள், சிலர் உடைந்த பூந்தொட்டி. எந்தச் சட்டத்திலும் இதற்கு இடமில்லை. ஆனால் ‘நோ பார்க்கிங்’ பலகைக்கு அடியிலேயே தைரியமாக வண்டியை நிறுத்துகிறவன்கூட ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கண்டால் தள்ளிப் போய்விடுவான். பலகைக்குப் பின்னால் யாரும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். நாற்காலிக்குப் பின்னால் கட்டாயம் ஒருவர் இருப்பார், தொட்டால் வெளியே வந்து ஏழு ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்துவார் என்றும் தெரியும்.

அந்த நாற்காலிக்குப் பின்னால் இருந்தவரை அந்தச் சாலையே அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்து, சித்தப்பா கடையில் நின்று, பிறகு சொந்தமாக எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்தவர். காலையில் ஷட்டரைத் தூக்கும் முன்பே நாற்காலியைக் கொண்டுவந்து ரோட்டில் போடுவார். சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டுவது அதற்கப்புறம்தான். நானோ ராயப்பேட்டையில் ஒரு சின்ன அலுவலகத்தில், நகரத்துச் சாலைகளுக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருப்பவள். வண்டிகள் நிற்கிற அந்த ஓரத்தை எடுத்து, நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் சேர்த்து ஒரே பாதையாக ஆக்குவதுதான் எங்களுக்குக் கொடுத்த வேலை. அதாவது, அண்ணாச்சியின் நாற்காலி கிடந்த இடத்தின் மேல்தான் என் பென்சில் கோடு ஓடியது.

கடைக்காரர்களைக் கூட்டிப் பேச ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தைப் பிடித்தோம். நான் பெரிய திரையில் படங்களைக் காட்டினேன். கம்ப்யூட்டரில் வரைந்த அழகான பாதை, இரண்டு பக்கமும் மரம், ஒல்லியான ஆண்களும் பெண்களும் சிரித்துக்கொண்டே சைக்கிளில் போகிறார்கள். முதல் வரிசையிலிருந்து அண்ணாச்சி எழுந்தார்.

“ஏம்மா, இந்தப் படத்துல இருக்காங்களே, யாரும்மா இவங்க? ஒருத்தர் கையிலயாவது பை இருக்கா? குடை இருக்கா? எங்க கடைக்கு வாரவ ரெண்டு கையிலயும் கட்டைப்பையோட வாரா. இவங்களுக்கா பாதை போடுத?”

கூடமே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தால் நாக்கு அடங்காது. “அந்தக் கட்டைப்பையோட வர்றவங்க இப்ப எங்க நடக்கறாங்க அண்ணாச்சி? உங்க நாற்காலிய சுத்திக்கிட்டு பஸ்ஸுக்கு முன்னாடிதானே?” என்றேன். அதற்கும் கூடம் சிரித்தது. ஆனால் அண்ணாச்சி சிரிக்கவில்லை. அன்றைக்கு எங்கள் திட்டத்துக்கு எதிராகக் கை தூக்கியவர்களில் முதல் கை அவருடையது. வெளியே வந்ததும் நான் இந்த மனுஷனோடு காலம் தள்ள முடியாது என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவர் மனைவியை எனக்கு அப்புறம்தான் தெரியும். கடைக்குள் அளவெடுக்கப் போனபோது, குடங்களுக்கும் அண்டாக்களுக்கும் நடுவில் ஒரு அம்மா கைத்தடியை ஊன்றி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. தினமும் நடந்தே தீரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெளியே நடக்க இடமில்லாததால் கடைக்குள்ளேயே நடந்தார். நான் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அக்காவுக்கு ஒரே ஓர் ஆசை. அதே சாலையின் மறுமுனையில் தையல்கடை வைத்திருக்கும் பாயம்மா அவருடைய நெடுநாள் சிநேகிதி. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பிள்ளை பெற்று, ஒரே பள்ளிக்கூட வாசலில் காத்திருந்து பழகியவர்கள். அக்காவுக்குக் கால் முடியாமல் போனதிலிருந்து போனில்தான் பேச்சு. பாயம்மாவுக்குக் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அக்காவுக்கு நடக்க வழி கிடையாது. ஆட்டோக்காரர்களோ, “இந்தாண்ட கீற கடைக்கா ஆட்டோ? போம்மா” என்று போய்விடுவார்கள். ஒரே ரோட்டின் இரண்டு முனையில் இருந்துகொண்டு, வெளிநாட்டில் இருப்பவர்கள்போல இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருநாளாவது நடந்தே போய் அவள் கடையில் உட்கார்ந்துவிட்டு வரவேண்டும் என்று அக்கா சொன்னபோது, இந்தப் பாதை எனக்கு வெறும் வேலையாக இல்லாமல் போனது.

நிரந்தரமாகக் கட்டுவதற்கு முன் கொஞ்ச நாள் சோதனை ஓட்டம். ஆரஞ்சுக் கூம்புகளையும் இரும்புத் தடுப்புகளையும் வைத்துப் பாதையைப் பிரித்துக் காட்ட வேண்டும். முடிவில் எங்களுக்கு வேலை கொடுத்த மாநகராட்சி அதிகாரி வந்து பார்ப்பார். பாதை பாதையாக இருந்தால் கட்டலாம், இல்லாவிட்டால் அந்த ஓரம் மொத்தமும் வண்டி நிறுத்துமிடம். அவர் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார்.

முதல் நாளே என் மூக்கு உடைந்தது. ரோட்டில் நெரிசல் சேர்ந்ததும் பைக்குகள் வரிசையாகப் பாதையில் ஏறின. இரும்புத் தடுப்பை ஒருவர் இறங்கித் தள்ளி வைத்தார், பின்னால் வந்தவர்கள் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். கூம்புகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒன்றை ஜூஸ் கடை வாசலில் கண்டுபிடித்தேன், மேலே ஒரு அன்னாசிப் பழத்தோடு. நான் பாதையின் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றேன். “இன்னாமா, ரோடு ஜாமாயி கீது. நான் இன்னா பறந்தா போவேன்? நவுரு!” என்று ஒருவர் ஹாரனை அழுத்தினார். நான் நகரவில்லை. அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை அக்கா பாதை வந்துவிட்டது என்று நம்பி, யாருக்கும் சொல்லாமல் கைத்தடியோடு இறங்கிவிட்டார். சில அடிகள்தான் வைத்திருப்பார். பின்னால் வந்த பைக் ஒன்று புடவையை உரசிக்கொண்டு போனது. அக்கா விழவில்லை, ஆனால் அப்படியே திரும்பி, வாசலில் கிடந்த நீல நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போனபோது அண்ணாச்சி தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்திருந்தார். “நீ பாதை போட்டிருக்கேன்னு நம்பித்தானம்மா எறங்குனா? நல்லாப் போட்ட பாதை!” என்றார். அலுவலகத்துக்குப் போய், சோதனையை நிறுத்திவிடலாம் என்று கடிதம்கூட எழுத ஆரம்பித்தேன்.

அதற்கடுத்த நாள் காலை நான் போனபோது பாதையில் ஒரு பைக்கும் இல்லை. எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அண்ணாச்சியின் கடை பாதை தொடங்கும் முனையில் இருந்தது. வழக்கமாக ரோட்டில் கிடக்கும் அவருடைய நீல நாற்காலி அன்றைக்குப் பாதையின் வாயில் கிடந்தது. அவ்வளவுதான். பைக்கில் வந்தவர்கள் ஏறுவதற்காக வண்டியை ஒடிப்பார்கள், நாற்காலியைப் பார்ப்பார்கள், யாருடையது என்று கடைப் பக்கம் ஒரு பார்வை விடுவார்கள், மறுபடி ரோட்டுக்கே திரும்பிவிடுவார்கள். இரண்டு பக்கமும் நுழைய இடம் தாராளமாக இருந்தது, நுழையத்தான் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் எந்த யோசனையும் இல்லாமல் பக்கத்தில் புகுந்து போனார்கள். அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்து என்னைப் பார்க்காததுபோல் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். மனைவியை உரசிவிட்டுப் போனவன்மேல் இருந்த ஆத்திரத்தில் செய்தது என்று பிறகு சொன்னார். எனக்கோ கைதட்டிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

முனையில் அடைத்தாலும் நடுவில் பைக்குகள் புகுந்தன. அப்போதுதான் அந்தச் சாலை முழுக்கக் கடைக்குக் கடை ஒரு நாற்காலி பாதைக்கு வெளியே ரோட்டில் கிடப்பதை நான் வேறு கண்ணால் பார்த்தேன். அவற்றை எடுக்கச் சொன்னால் ஒருவரும் எடுக்கப் போவதில்லை. நகர்த்தச் சொன்னால்? கடை கடையாக ஏறி, “உங்க நாற்காலி உங்க வாசல்லயே இருக்கட்டும், கொஞ்சம் உள்ள தள்ளி, இந்தக் கோட்டு மேல போடுங்க” என்றேன். துணிக்கடைக்காரர் யோசித்தார். “அண்ணாச்சி போட்டுட்டாரா?” என்று கேட்டார். போட்டுவிட்டார் என்றேன். “அவரே போட்டுட்டாருன்னா அப்புறம் எனக்கு என்ன?” என்று பையனைக் கூப்பிட்டு நகர்த்தச் சொன்னார். சிவப்பு, பச்சை, மரக்கலர் என்று சாயங்காலத்துக்குள் பாதையின் விளிம்பு நெடுக நாற்காலிகள் நின்றன. படம் போட்டுக் காட்டி நான் வாங்க முடியாத ஒப்புதல் அது.

அதிகாரி வந்த காலை நேரத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. காரிலிருந்து இறங்கி நாற்காலி வரிசையைப் பார்த்தவர், “என்ன மேடம், ஏதாவது விசேஷமா?” என்றார். நான் விளக்க வாயெடுப்பதற்குள் ஒரு பைக் ஜூஸ் கடை எதிரே பாதைக்குள் மூக்கை நீட்டியது.

“இன்னா நைனா, யார்து இந்த சேரு?” என்றார் வண்டிக்காரர்.

“என்து. இன்னா இப்போ?” என்று கத்தியோடு எட்டிப் பார்த்தார் பழம் நறுக்கிக்கொண்டிருந்த ஜூஸ் கடைக்காரர்.

“ஒண்ணுமில்லபா, கேட்டேன்,” என்று வண்டி பின்வாங்கியது. அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பாத்திரக்கடைப் பக்கமிருந்து அக்கா வந்தார். நான் வரச் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஒரு கையில் தடி. இன்னொரு கையில், தைக்கக் கொடுக்க வேண்டிய ரவிக்கைத் துணிகள் நிறைந்த கட்டைப்பை. வெயிலுக்காகக் குடையை விரித்துத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கியிருந்தார். பின்னால் கொஞ்ச தூரத்தில் அண்ணாச்சி, கடையின் பழைய சைக்கிளை ஏறாமல் உருட்டிக்கொண்டு வந்தார். “டெலிவரிக்குப் போறேன்,” என்றார் யாரும் கேட்காமலே. சைக்கிளில் ஒரு பாத்திரமும் இல்லை.

எங்களைக் கடக்கும்போது அதிகாரி ஒதுங்கி வழிவிட்டார். அக்கா யாரையும் பார்க்கவில்லை, பார்வை முழுக்க மறுமுனையில்தான். நாங்களும் பின்னாலேயே போனோம். நடுவில் ஒரு தடவை துணிக்கடை நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி எழுந்தார். தையல் மிஷின் சத்தம் கேட்கும் தூரம் வந்தபோது அந்தச் சத்தம் சட்டென்று நின்றது. கழுத்தில் அளக்கும் டேப்போடு பாயம்மா வெளியே ஓடிவந்து, “வந்துட்டியாடி! நடந்தேவா வந்தே!” என்று அக்காவைக் கட்டிக்கொண்டார். குடை கீழே விழுந்தது. நான் அழுதேன். வேலை நேரத்தில், அதிகாரியின் முன்னால், வெட்கமில்லாமல் அழுதேன். அதிகாரி வாய் திறப்பதற்கு முன்பே, ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “அதது இருக்கற இடத்துலயே கல்லுத் தூண் போட்டுடலாம் மேடம்,” என்றார்.

தூண்கள் நட்ட அன்று அண்ணாச்சி நீல நாற்காலியைத் தூக்கிவந்து என் கையில் கொடுத்தார். “இத நீயே கொண்டு போம்மா. இங்க கெடந்தா பழக்க தோஷத்துல மறுபடியும் ரோட்டுல போட்டுருவேன்.”

இப்போதும் அந்தப் பாதையில் எப்போதாவது ஒரு பைக் ஏறுகிறது. ஏறியதும் ஏதாவது ஒரு கடைக்குள்ளிருந்து ஒரு குரல் வருகிறது, வண்டி இறங்குகிறது. பாதையோரம் நட்ட வேப்பங்கன்றுகள் தோளுயரம் வளர்ந்துவிட்டன. இப்போது அடையாற்றில் இதேபோல் ஒரு பாதைக்குத் திட்டம் போடுகிறேன். போன மாதம் அங்கே ஒரு பள்ளிக்கூட ஹாலில் கடைக்காரர்கள் கூட்டம். நான் நாற்காலியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் மேடை ஓரத்தில் வைத்தேன். கம்ப்யூட்டரில் வரைந்த படங்களை வீட்டிலேயே விட்டுவிட்டேன். திரையில் ஒரே படம்தான் போட்டேன். அதிகாரி வந்த அன்றைக்கு நான் கைபேசியில் எடுத்தது. தடி, கட்டைப்பை, குடையோடு நடக்கிற ஒரு அம்மா, பின்னால் மங்கலாக ஒரு சைக்கிள்.

மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவர் எழுந்தார். “மேடம், யாரையாவது காசு குடுத்து நடக்க விட்டு போட்டோ எடுத்துட்டு வந்துடுவீங்க. யாருங்க இந்தம்மா?”

நான் மேடை ஓரத்தைப் பார்த்தேன். வாருங்கள் என்று நான் கூப்பிட்டதற்கு, கடையை விட்டு எங்கே வருவது என்று சலித்துக்கொண்டவர், எனக்கும் முன்னால் வந்து காத்திருந்து, நான் வைத்ததுமே தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தார். உடைந்த கைப் பக்கம் சாயாமல் மெதுவாக எழுந்தார்.

“என் வீட்டுக்காரி,” என்றார் அண்ணாச்சி. “தெனமும் நடக்கா. சாயங்காலம் வாங்க, காட்டுதேன்.”