தன் கையால் பூட்டியவர்

"கம்ப்யூட்டர்ல எனக்குத் தெரியாத பார்ட்டை இனிமே ஒருத்தன் பொறந்து வந்துதான் செய்யணும். கடையில பூட்டி, டேப் ஒட்டி, பெட்டியில வர்ற சரக்கு இந்த ஜென்மத்துல என் வீட்டு வாசல் ஏறாது!"

வரலாற்றுச் சிறப்புமிக்க இந்தப் பிரகடனம் ஒரு விடுமுறை நாள் மதியம், லிஃப்ட்காரருடைய மைத்துனர் வீட்டு ஹாலில், நாலு பேர் முன்னிலையில் வெளியானது. நாலு பேரில் ஒருவர் அதை வெளியிட்ட லிஃப்ட்காரரேதான். மற்ற மூவர் அவர் மனைவி, மனைவியின் தம்பி, பதினேழு வயது மகள். மனைவி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார். மைத்துனர் சிரித்தார். மகள் மட்டும் அப்பாவை நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினாள்.

பிரகடனத்துக்குக் காரணம் மேஜைக்குக் கீழே நின்றது. மைத்துனர் புதிதாக வாங்கிய கேமிங் கம்ப்யூட்டர். ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே கல்யாண மண்டபம் போல விளக்குகள்.

"பிளக்கைச் சொருகுனேன், பட்டனை அமுக்குனேன், விளையாடுறேன். இதுல உங்களுக்கு என்ன அத்தான் நஷ்டம்?"

"நஷ்டம் உனக்குத்தான் மாப்ளே. வெளிய பளபளன்னு லைட்டைப் போட்டுட்டு, உள்ள மட்டமான பவர் சப்ளையை உன் தலையில கட்டியிருப்பான். கழட்டிப் பாத்தியா?"

"எதுக்குக் கழட்டணும்? ஓடுதே."

"ஓடுதேன்னு விட்டா எப்படி?"

உள்ளபடியே அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தனித்தனியாகப் பாகம் வாங்கிப் பூட்டினால் எது எந்தத் தரம் என்று தெரியும். நாளைக்கு ஒன்று போனால் அதை மட்டும் மாற்றலாம். இந்த நியாயத்தை அவர் உறவினர் வீடுகளிலும், பஸ் நிறுத்தத்திலும், பல் டாக்டர் வாய்க்குள் கைவிட்டிருந்த நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பல் ஆஸ்பத்திரியிலும் எடுத்துரைத்திருக்கிறார்.

தொழிலால் அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தொரு வருட சர்வீஸ். நடுவில் நின்றுபோன லிஃப்டிலிருந்து ஆட்களை வெளியே எடுப்பதில் அந்த வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒருமுறை மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு வக்கீலுக்கு, கதவிடுக்கு வழியாகக் கிராபிக்ஸ் கார்டு தேர்ந்தெடுக்கும் முறையை விளக்கிவிட்டுத்தான் கதவைத் திறந்தார். வக்கீல் அதற்குப் பிறகு மாடிப்படியில்தான் ஏறுகிறார்.

லிஃப்டைப் பொறுத்தவரை அவர் அப்பழுக்கற்றவர். மாதாந்திர சோதனைக்கு நாற்பத்திரண்டு வரிப் பட்டியல் ஒன்று உண்டு. ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்து, பாகத்தைக் கையால் தொட்டு, டிக் அடித்து, கீழே கையெழுத்துப் போடுவார். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் கொள்கை வேறு. "மேனுவலைப் படிக்கிறவன் மெக்கானிக் இல்ல, வாசகன்" என்பது அவர் வாக்கு.

இனி மகள். பள்ளிக்கூடத்து மார்க் பட்டியலைக் கடைசியிலிருந்து பார்த்தால் சட்டென்று கண்ணில் படுகிற பெயர் அவளுடையது. ஓடவும் வராது, பாடவும் வராது. ஆனால் மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்த ஆறாவது மாதம், ஐந்து பேர் ஓர் அணியாக மோதும் விளையாட்டு ஒன்றில் அவள் முன்னால் நிற்க ஆள் இல்லாமல் போனது. சம்பளத்துக்கு விளையாடும் அணி ஒன்று அவளைக் கவனித்துக் கடிதம் அனுப்பியது. நாலு பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஐந்தாவது இடம் காலி. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆடிக் காட்ட வேண்டும். இரண்டு ஆட்டமாவது முழுசாக ஆடினால்தான் பரிசீலனை.

கடிதத்தை அவள் முதலில் அப்பாவிடம்தான் காட்டினாள். "எனக்கு இது வரும்ப்பா" என்றாள். அவள் வாயிலிருந்து இதற்கு முன் வராத வாக்கியம் அது.

"மாமா வீட்ல இருந்து ஆடிக்கட்டுமா?" என்றும் கேட்டாள்.

"அடுத்தவன் வீட்டு மெஷின்ல ஜெயிச்சா அது ஜெயிப்பா? அப்பா பூட்டித் தரேன். நீ ஆடு."

"சரிப்பா."

ஏற்கெனவே எட்டு மாதமாக அவர் பாகம் பாகமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். முதலில் வந்த கேபினெட் மூன்று மாதம் இஸ்திரி போட்ட துணிகளுக்கு மேடையாக இருந்தது. அப்புறம் மதர்போர்டு வந்து பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் இடம்பிடித்தது. "இதுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சுட்டா நான் நிம்மதியா கண்ணை மூடுவேன்" என்றார் மனைவி.

முகூர்த்தம் ஒரு சனிக்கிழமை காலை அமைந்தது. சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வை விரிக்கப்பட்டது. மகள் டார்ச் பிடித்தாள். பிராசசரை அதன் குழியில் இறக்கும்போது அவர் மூச்சு விடவில்லை. மற்றவர்களையும் விட விடவில்லை. அதன் தலையில் பட்டாணி அளவு பசை வைத்தார். அந்தப் பசைக்கு மேலேதான் கூலர் உட்கார வேண்டும். பிராசசரின் சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் அந்தக் கனத்த உலோகக் கட்டியை இரண்டு கையாலும் குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல் இறக்கினார்.

"அப்பா, கூலர் மேனுவல்ல முதல் பக்கத்துல ஏதோ படம் போட்டு பெருக்கல் குறி போட்டிருக்கு."

"அது வாசகர்களுக்கும்மா. நீ டார்ச்சைப் பிடி."

நாலு மூலையிலும் மாற்றி மாற்றி, சம அழுத்தத்தில், திருகாணி முடுக்கினார். பட்டனை அமுக்கியதும் மெஷின் உயிர்பெற்றது. மனைவிகூடக் கைதட்டினார். மகள் உட்கார்ந்து விளையாடினாள். இருபத்திரண்டாவது நிமிடம் திரை கறுத்து, மின்விசிறிகள் மூச்சை இழுத்து நிறுத்தின.

"புதுசுல்ல, கூச்சப்படுது" என்றார் லிஃப்ட்காரர்.

முதல் ஞாயிறு அது மறுபடியும் கூச்சப்பட்டது. ஆட்டம் முப்பத்தைந்து நிமிடம். அதன் கூச்சம் இருபத்திரண்டு நிமிடம். மகளின் வீரன் திரையில் சிலைபோல் நின்றான் என்றும், எதிரிகள் வரிசையில் வந்து வெட்டிவிட்டுப் போனார்கள் என்றும் அணித்தலைவி பிறகு எழுதியிருந்தாள். அவள் நல்லவள். "மின்தடையா?" என்றுகூடக் கேட்டிருந்தாள்.

லிஃப்ட்காரர் பாகங்கள் வாங்கிய கடைக்குப் பவர் சப்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்.

"மட்டமானதை என் தலையில கட்டிட்டீங்களே!"

"சார், போன வாரம் இதைத்தான் உலகத்துலயே நல்ல பவர் சப்ளைன்னு என்கிட்ட அரைமணி நேரம் சொன்னீங்க" என்றார் கடைக்காரர். ஆனாலும் மாற்றிக் கொடுத்தார்.

வாரநடுவில் மகள் தயங்கித் தயங்கி வந்தாள். "இன்டர்நெட்ல சூடா இருக்கும்னு போடுறாங்கப்பா. கூலரைக் கழட்டிப் பாக்கச் சொல்றாங்க."

"கூலரா? அது நானே என் கையால வச்சதும்மா. எது வேணா தப்பாகும், அது ஆகாது."

சூடு என்றால் காற்று வேண்டும். காற்று என்றால் விசிறி. மூன்று விசிறி புதிதாக வந்தது. ரேமும் மாறியது. மெஷின் இப்போது ஹெலிகாப்டர் போலச் சத்தம் போட்டது. எதிர் ஃபிளாட்காரர் வந்து மாவரைக்கிறீர்களா என்று விசாரித்தார். மைத்துனர் போன் செய்து, "அத்தான், என் பெட்டியைத் தூக்கிட்டு வரேன். ஒரு நாளைக்குத்தானே. குழந்தை ஆடட்டும்" என்றார்.

"வாசல் ஏறாதுன்னு சொன்னவன் நான். மறந்துட்டியா மாப்ளே?"

"நீங்க மறந்துட்டா யாரு அத்தான் கேக்கப் போறா?"

லிஃப்ட்காரர் போனை வைத்துவிட்டார். அடுத்த அறையிலிருந்து மகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இரண்டாவது ஞாயிறு இருபத்து நாலாவது நிமிடம் நின்றது. விசிறிகள் சம்பாதித்துக் கொடுத்தது இரண்டு நிமிடம். மூன்றாவது ஞாயிறு ஆட வேண்டிய அவசியம் வரவில்லை. வியாழக்கிழமையே அணித்தலைவியின் குரல் செய்தி வந்துவிட்டது. "நீ நல்லா ஆடுற. ஆனா பாதியில காணாமப் போற ஆளை வச்சு எங்களால அணி நடத்த முடியாது. சாரி மா." மகள் அதை ஒருமுறைதான் கேட்டாள். அப்பா சமையலறை வாசலில் நிற்பதைப் பார்த்து, "பரவாயில்லப்பா" என்றாள்.

திட்டியிருந்தால் அவர் பதிலுக்கு நாலு கம்பெனியைத் திட்டியிருப்பார். பரவாயில்லை என்பதற்கு அவரிடம் மாற்றுப் பாகம் இல்லை.

சனிக்கிழமை காலை அவர் பல் தேய்த்துவிட்டு வந்தபோது, மகள் அவருடைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நாலு திருகாணியையும் கழற்றியிருந்தாள். கூலர் சுத்தமாகத் தனியே வந்தது. பிராசசர் மேல் பசையோடு ஒட்டிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் தாள் இருந்தது. கூலரின் அடிப்பரப்பில் கீறல் விழாதிருக்கக் கம்பெனியில் ஒட்டி அனுப்புகிற தாள். அது நடுவில் இருக்கும்வரை சூடு கூலரை எட்டாது. நகத்தால் நெம்பி உரித்து, வெளிச்சத்தில் பிடித்தாள். சிவப்பு எழுத்தில் அச்சடித்திருந்தது: பொருத்தும் முன் அகற்றவும். தமிழ் உட்பட ஆறு மொழிகளில், எந்த வாசகரும் விடுபட்டுவிடக் கூடாதென்று.

அவள் சிரிக்கவில்லை. "அப்பா, இது என்னது?"

உண்மையைச் சொல்ல அவருக்கு முழுசாக ஐந்து விநாடி கிடைத்தது. அந்த அவகாசத்தில் லிஃப்டில் நாற்பத்திரண்டு வரியில் மூன்றையாவது சரிபார்த்திருப்பார்.

"அது... அது அப்படித்தாம்மா இருக்கணும். பாதுகாப்புக்கு."

மகள் தாளைப் பார்த்தாள். எழுத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"சரிப்பா" என்றாள்.

பதினேழு வருடத்தில் எத்தனையோ சரிப்பா கேட்டவர் அவர். இது அந்த வகை இல்லை என்று அவருக்குப் புரிந்தது. அவள் தாளை மேஜையில் வைத்துவிட்டு, கையில் ஒட்டிய பசையைத் துடைத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.

திங்கட்கிழமை அவர் லீவு போட்டார். இருபத்தொரு வருடத்தில் கம்ப்யூட்டருக்காகப் போட்ட முதல் லீவு. மகள் வீட்டில் இருந்தால் டார்ச் பிடித்திருப்பாள். ஆனால் பாதுகாப்புக்கு என்று சொல்லிவிட்ட தாளை இப்போது எடுத்து வீசுவதை அவள் பார்க்கும்படி செய்ய முடியுமா? தனியே உட்கார்ந்தார். காய்ந்த பசையைத் துடைத்து, புதிதாக வைத்து, கூலரைப் பூட்டினால் போதும். கால் மணி நேர வேலை. ஆனால் இந்தத் தடவை சுத்தபத்தமாகச் செய்ய வேண்டும் என்று பிராசசரையும் குழியிலிருந்து எடுத்தார். பிராசசர் வழுக்கி, காலுக்குப் பக்கத்தில் டைல்ஸ் தரையில் விழுந்தது. அதன் அடியில் ஊசி போல ஆயிரத்துச் சொச்சம் கம்பிகள். அவை தரையில் பட விழுந்ததில் ஒரு மூலையே படுத்துவிட்டது.

பேனாக்கத்தியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தப் பார்த்தார். முதல் ஆறு நிமிர்ந்தன. ஏழாவது கையோடு வந்துவிட்டது.

மத்தியானம் மனைவி வந்து எட்டிப் பார்த்தார். மேஜையில் எல்லாம் பரப்பிக் கிடந்தது. கேலி ஒன்று தொண்டைவரை வந்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டு, "சாப்பிட வாங்க" என்றார்.

"அவ விளையாடுறதையே விட்டுட்டாளா?"

"நேத்தே போன்ல அந்த விளையாட்டு அக்கவுண்ட்டை அழிச்சுட்டா போல. கணக்கு கோர்ஸ்ல சேர்றேங்கறா. அதுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணுமாம்." கொஞ்சம் நிறுத்தி, "உங்ககிட்ட சொல்ல வேணாம்னா. என் தம்பிகிட்ட கேக்கச் சொன்னா" என்றார்.

மறுநாள் வேலை முடிந்து, எண்ணெய்க் கறை படிந்த சீருடையோடு லிஃப்ட்காரர் கடைக்குப் போனார். கடைக்காரர் அவரைக் கண்டதுமே அரைமணி நேரத்தை மனதுக்குள் ஒதுக்கிவைத்தார்.

"வாங்க சார். இன்னைக்கு எந்தப் பார்ட்டு?"

"பார்ட்டு வேணாம். பூட்டினதா ஒண்ணு குடுங்க."

"பூட்டினதா? உங்களுக்கா சார்?"

"மக படிக்கறதுக்கு."

"கேம் ஓடணுமா?"

"வேணாம். நடுவுல நிக்காம இருந்தா போதும்."

கடைக்காரர் உள்ளே போய்ப் பழுப்பு அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். டேப் ஒட்டியிருந்தது. கத்தியை எடுத்தபடி, "பிரிச்சு, மூடியைக் கழட்டிக் காட்டிடறேன். உள்ள என்ன போட்டிருக்கான்னு பாக்காம நீங்க விடமாட்டீங்களே" என்றார்.

"பிரிக்காதீங்க. எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க."

கடைக்காரர் இதை அந்த வாரத்தின் சிறந்த ஜோக்காக எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். லிஃப்ட்காரர் குனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.