டெய்லர் ஸ்டீயரிங் ஆயில் மாற்றினார்

பெண்டாட்டி செத்தபோது டெய்லர் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், மின்விசிறியைக் கூட்டி வைத்தார், மற்ற நேரமெல்லாம் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். கல்நெஞ்சுக்காரன் என்று கூடப்பிறந்த அக்காவே அவர் காதுபடச் சொன்னாள்.

அவருக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையென்றால், உள்ளே எதுவுமே இருந்ததில்லையோ? இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் அவள்தான். கடைக்குப் போனார், காலர் வைத்தார், காஜா எடுத்தார், வீட்டுக்கு வந்து தட்டில் விழுந்ததைத் தின்றுவிட்டுப் படுத்தார். உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டிருந்தால் முழித்திருப்பார்.

வாசலில் நிற்கும் பழைய காரைத் திருப்பினால் முனகும். "வண்டி முனகுது, என்னன்னு பாருங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இவர் அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று டபாய்த்துக்கொண்டே இருந்தார். அந்த ஞாயிறு ஒருவழியாக வந்தது. சொன்னவள்தான் இல்லை.

அவளுடைய தம்பி வாராவாரம் வந்து அக்கா புருஷன் சாப்பிடுகிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். அன்றைக்கு வந்தபோது காரின் முன்பக்கம் ஜாக்கியில் ஏறி, சக்கரம் இரண்டும் அந்தரத்தில் இருந்தன.

"மெக்கானிக்கிட்ட விட்டிருக்கலாமே, மாமா."

"நீ உள்ள உட்காரு. நான் சொல்றப்ப ஸ்டீயரிங்கைத் திருப்பு. இன்ஜினைப் போட்டுடாத."

பானெட்டைத் திறந்து, ஸ்டீயரிங் ஆயில் டப்பாவிலிருந்த பழைய ஆயிலை ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தார். ஆயில் திரும்பி வரும் ரப்பர் குழாயைக் கழற்றி ஒரு காலி பாட்டிலுக்குள் விட்டார். டப்பாவில் அது மாட்டியிருந்த ஓட்டையை ரப்பர் மூடியால் அடைத்தார். இனி இவர் மேலே புதுசை ஊற்ற ஊற்ற, அவன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பழசு பாட்டிலில் வந்து விழும். டப்பா மட்டும் வற்றக் கூடாது, வற்றினால் காற்று புகுந்துவிடும். சட்டை தைக்கிற அதே முகத்தோடு எல்லாவற்றையும் செய்தார்.

மச்சினன் முதலில் வலப்பக்கம் கடைசி வரை திருப்பினான். பழைய ஆயில் கஷாயம் மாதிரி கறுப்பாக வந்து விழுந்தது.

"போதும். இப்ப சோத்துக்கைப் பக்கம்."

"இதுக்கு மேல போகாது, மாமா."

"போகும். சோத்துக்கைப் பக்கம் திருப்பு."

"அதைத்தான் திருப்புறேன். முட்டிக்கிட்டு நிக்குது." மச்சினன் வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டினான். "சோத்துக்கை இதுதானே?"

டெய்லர் தன் கையைப் பார்த்தார். ஆயில் கேனைப் பிடித்திருந்தது இடது கை. அவருக்குக் கத்திரியும் அந்தக் கைதான், சோறும் அந்தக் கைதான். கார் வாங்கின புதிதில் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னவள் சோத்துக்கைப் பக்கம் என்றாள். இவர் இடப்பக்கம் ஒடித்து ஒரு முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்தினார். உங்க கை புத்தி உங்களை விட்டுப் போகாது என்று வழியெல்லாம் திட்டித் தீர்த்தாள். மறுநாளிலிருந்து அவள் வாயில் சோத்துக்கை என்றால் இடது. அவள் சாப்பிட்டது வலது கையால்தான், வழி சொல்லும்போது மட்டும் அவர் கையைத் தன் கையாக வைத்துக்கொண்டாள். அதைப் பற்றி அவள் தனியாக எதுவும் சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை. அந்தக் காருக்குள் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பேச்சு அது.

"மாமா, டப்பா வத்திடப் போகுது, ஊத்துங்க. எந்தப் பக்கம்னு சொல்லுங்க, திருப்புறேன்."

சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். ஊருக்கெல்லாம் தெரிந்த சொல்தான். டப்பாவில் கொஞ்சம் ஊற்றினார். இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

"இடது," என்றார்.

சக்கரம் உடனே ஒழுங்காக இடப்பக்கம் திரும்பியது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கேனைக் கீழே வைத்துவிட்டு, பம்பரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கும்படி அழுதார்.