ஜிப் அக்கா கேட்டது

அந்தக் கட்டடத்தில் அவளை எல்லாரும் ஜிப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாவது மாடி வீட்டில் ஜன்னலோரமாக ஒரு தையல் மெஷின் இருக்கும். பையோ, கோட்டோ, குழந்தையின் பென்சில் டப்பாவோ, பல் உடைந்த ஜிப்பைப் பிரித்துப் போட்டுப் புதிதாக வைத்துத் தருவாள். வேலை சுத்தம், வாய்தான் ஓயாது.

"ஊருக்கெல்லாம் ஜிப் வைக்கிறவ, உன் வாய்க்கு ஒன்னு வச்சுக்கக் கூடாதா?" என்று கிண்டலடிப்பார் அவள் வீட்டுக்காரர். பூட்டு ரிப்பேர் செய்பவர்.

"வச்சா, நீங்க அதுக்கும் ஒரு பூட்டுப் போட்டுச் சாவியைத் தொலைச்சிடுவீங்க" என்பாள் அவள்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீடுதான். ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த மனிதர் அப்படியே சரிந்தார். வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சு குழறியது, ஆனால் புத்தியில் ஒரு குறையும் இல்லை. அதுதான் கொடுமை. சிறுநீர் போவது அவருக்குத் தெரியும், அடக்கத்தான் முடியாது. ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு, "ஏய்... ஆயிடுச்சு" என்பார், ஏதோ தப்புச் செய்த பிள்ளை மாதிரி.

ஜிப் அக்கா விரிப்பை மாற்றுவாள், துவைப்பாள், வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டிக் காயப்போடுவாள். மழைக்காலத்தில் எது காய்கிறது? அவர் முதுகில் தோல் சிவந்துவிட்டது. பார்க்க வந்த நர்ஸ், "ஈரத்துல போட்டு வைக்காதீங்க. தோல் பிஞ்சா அப்புறம் ஆறாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

இதற்கிடையில் தையல் வருமானமும் படுத்துவிட்டது. இப்போது யார் ஜிப் மாற்றுகிறார்கள்? தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பை வாங்குகிறார்கள். நல்ல வேளையாக, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. புது வருஷம் பிறந்ததும் சேர வேண்டும், காலையில் போனால் சாயங்காலம்தான் வர முடியும். மதியம் அவருக்குச் சாப்பாடு ஊட்ட எதிர்வீட்டுக்காரி ஒப்புக்கொண்டாள். ஆனால் விரிப்பு மாற்றும் வேலையை அவளிடம் கேட்க முடியுமா? கேட்டாலும் இவர் விடுவாரா? டயப்பர் போட்டுவிட்டுப் போனால் சமாளித்துவிடலாம். முதல் சம்பளம் கைக்கு வந்துவிட்டால் பிறகு அவளே வாங்கிக்கொள்வாள். அந்த ஒரு மாதத்தைத் தாண்டுவதுதான் பாடு.

தெருக்கோடியில் இருந்த சர்ச்சில் பண்டிகையை ஒட்டி, கஷ்டப்படும் குடும்பங்களுக்குக் கேட்டதைக் கொடுப்பார்கள் என்று எதிர்வீட்டுக்காரிதான் சொன்னாள். ஒவ்வொரு வீட்டின் தேவையையும் பேர் போடாமல் ஒரு காகித நட்சத்திரத்தில் எழுதி, வாசல் மண்டபத்து மரத்தில் தொங்கவிடுவார்கள். சபைக்காரர்கள் ஆளுக்கொரு நட்சத்திரத்தைப் பறித்துக்கொண்டுபோய் அதிலிருப்பதை வாங்கி வருவார்கள். யாரிடமும் கை நீட்டிப் பழகாதவள், இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போய் வரிசையில் நின்றாள்.

எழுதிக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர்.

"என்னம்மா வேணும் வீட்டுக்கு?"

"அவருக்கு டயப்பர் வேணும் டீச்சர். பெரியவங்க போடறது. ஒரு மாசத்துக்கு."

டீச்சரின் பேனா நின்றது. "பண்டிகையாச்சேம்மா. சந்தோஷமா ஏதாவது கேக்கலாமே" என்றார் மெதுவாக.

"அது வந்தா அதுதான் டீச்சர் எங்களுக்குச் சந்தோஷம்."

டீச்சர் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

டீச்சரைக் குற்றம் சொல்ல வாய் வரவில்லை. தங்கமான மனுஷி. அந்தத் தங்க மனசுதான் வினையாக முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வரும் குழந்தைகள் மரத்தைச் சுற்றி நின்று நட்சத்திரங்களைச் சத்தமாகப் படிப்பார்கள். பொம்மைக்கும் சைக்கிளுக்கும் நடுவே இதை எப்படித் தொங்கவிடுவது? முகம் தெரியாவிட்டாலும் ஒரு மனிதரின் மானம் அல்லவா? இப்படியெல்லாம் யோசித்த டீச்சர், "படுக்கையில் இருக்கும் பெரியவருக்கு, மனதுக்கு இதமாக ஏதாவது" என்று அழகான கையெழுத்தில் எழுதிவிட்டார்.

பரிசு கொடுக்கும் நாளில் ஜிப் அக்காவுக்குக் கிடைத்தது இருப்பதிலேயே பெரிய பெட்டி. தூக்கினால் அவ்வளவாகக் கனமில்லை. அவளுக்கு மனசு துள்ளியது. ஒரு மாதம் என்ன, இரண்டு மாதத்துக்கே காணும் போலிருக்கிறதே! மூன்று மாடியும் மூச்சு வாங்க ஏறி வந்து, அவர் கண்முன்னாலேயே வைத்துப் பிரித்தாள்.

உள்ளே இருந்தது ஒரு அருவிப் படம். கண்ணாடிச் சட்டம் போட்டு, பின்னால் விளக்கு வைத்தது. பிளக்கைச் சொருகினால் தண்ணீர் மேலிருந்து கீழே ஓடும். சளசளவென்று சத்தமும் வரும்.

ஜிப் அக்கா ஒன்றும் புரியாமல் அதைப் போட்டாள். அருவி ஓடியது. அவர் கோணல் வாயால் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

"ஏய்... நிறுத்து. ஆயிடுச்சு."

அவள் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு அவள் அழுத அழுகையை எதிர்வீட்டுக்காரி வந்துதான் அடக்க வேண்டியிருந்தது.

மறுநாள் இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று கிளம்பிப் போனாள். மண்டபத்தில் டீச்சரோடு இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். இவளைப் பார்த்ததும் டீச்சருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"வாங்க வாங்க! இவங்க எல்லாரும் உங்க நட்சத்திரத்தைத்தான் முதல்ல எடுத்தாங்க. சேர்ந்து காசு போட்டு வாங்கினாங்கம்மா. அவருக்குப் பிடிச்சுதா?"

பத்து முகங்களும் அவளையே பார்த்தன. ஒரு பெரியவருக்குக் கண்ணே கலங்கியிருந்தது. தன் மனைவி கடைசிக் காலத்தில் இதே மாதிரி ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டேதான் கண்ணை மூடினாள் என்றார். ஜிப் அக்கா வாயைத் திறந்தாள்.

"ரொம்ப... ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள். கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

படத்தைப் பழைய சாமான் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். "இதை எவன் வாங்குவான்?" என்று இழுத்தான் கடைக்காரன். அவன் கொடுத்த காசு ஒரே ஒரு பாக்கெட் டயப்பருக்குத்தான் போதுமானதாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அதுவும் தீர்ந்தது. இனி கேட்க யாரும் இல்லை. ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு முறைதான் என்பது அவர்கள் வழக்கம். கேட்டது வந்துவிட்டது என்று அவளே பத்துப் பேர் முன்னால் ஒப்புக்கொண்டும் வந்துவிட்டாள்.

பாக்கெட் தீர்ந்த மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்புமுன் அவருக்கு மாத்திரை கொடுத்து, தம்ளரை வாயருகே கொண்டுபோனாள். ஒரு மடக்கில் மாத்திரையை விழுங்கிவிட்டு அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் குடிங்க."

"தாகமில்ல."

உதடு காய்ந்து வெடித்திருந்தது. நேற்று ராத்திரியும் இதையேதான் சொன்னார்.

"குடிங்கன்னா..."

"சாயங்காலம் வந்து குடுடி. நீ போ, பஸ் போயிடும்."

மற்ற நாளாக இருந்தால் விட்டிருக்க மாட்டாள். திட்டியாவது குடிக்க வைத்திருப்பாள். அன்றைக்கு அவள் தம்ளரை எடுத்துக்கொண்டு போய் மிச்சத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள். அப்பாடா, இன்றைக்கு அவ்வளவாக நனையாது என்று மனசு நிம்மதியாகக்கூட இருந்தது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், எதை நினைத்து நிம்மதிப்பட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடிப்போய் ஒரு வாய் தண்ணீர் கொடுத்துவிட்டு வரலாம். ஆனால் தாமதமாகப் போனால் வேலை இருக்காது. நிறுத்தம் வந்தது. அவள் இறங்கவில்லை.