காலி வண்டியின் எடை

நம்பினால் நம்புங்கள், இது எனக்கே நடந்தது. பேய் என்றால் நடுராத்திரி வேண்டும், கரண்ட் போக வேண்டும், நாய் ஊளையிட வேண்டும். எனக்கு அதெல்லாம் கொடுத்துவைக்கவில்லை. பட்டப்பகல். மணி 2.35. வயிறு நிறையச் சாப்பாடு.

பழைய கார்களைப் பரிசோதித்து, வாங்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். பல்லியைப் பார்த்தாலே நாற்காலி மேல் ஏறுகிற ஆள் நான். ஆனால் காருக்கு அடியில் படுத்துவிட்டால் புலி. அன்று பார்க்கப் போனது என் தங்கை கணவர் ஆசைப்பட்ட வண்டி. கூரையில்லாத இரண்டு சீட் கார், வயது அறுபத்தைந்து. நான் கையெழுத்துப் போட்டால் போதும், அன்று மாலையே தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வண்டி அழகிதான், சும்மா சொல்லக் கூடாது. கரும்பச்சை பெயின்ட்டில் என் மூஞ்சிகூட லட்சணமாகத் தெரிந்தது. கம்பிச் சக்கரம், மர ஸ்டியரிங், புதிதாகத் தைத்த சிவப்புத் தோல் சீட்டுகள். கடிகாரம் முதற்கொண்டு ஓடியது.

"குறை ஒண்ணும் இருக்காது சார். பாத்துக்கிட்டே இருங்க, ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்" என்று விற்கிறவர் ஷெட்டின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனார்.

கடைசி வேலை எடை. ஜாக்கியால் தூக்கி, நாலு சக்கரத்துக்கு அடியிலும் எடைப் பலகை வைப்பேன். என் கையிலுள்ள பெட்டியில் எண்கள் வரும்.

காலி வண்டி 860 கிலோ இருக்க வேண்டும். 914 காட்டியது.

இடது பக்கம்தான் கூடுதல். பலகைகளை இடம் மாற்றினேன். 914. யாராவது சாமான்களை மறந்து வைத்துவிட்டார்களோ என்று சீட்டுக்கு அடியில், டிக்கியில் துழாவினேன். ஒரு திருகாணிகூட இல்லை.

ஐம்பத்து நாலு கிலோ. ஓர் ஆள் எடை.

இடது சீட்டைத் தொட்டேன். ஷெட் சில்லென்று இருந்தது. சீட் மட்டும் வெதுவெதுப்பாக...

3.04. வலது கதவோரம் குந்தி, பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

க்ரீச்...

இடது பக்க எடை குறைந்தது. 471... 457... 443.

வலது பக்க எடை கூடியது. 443... 457... 471.

மொத்தம் மாறவில்லை. 914.

யாரோ நகர்ந்து டிரைவர் சீட்டுக்கு வந்திருந்தார்கள்.

ஸ்டியரிங் ஒரு விரற்கடை திரும்பியது.

3.06. டங்...

வண்டி மேலே எழும்பியது.

860.

இறங்கிவிட்டது.

வலது பக்கமாக.

நான் இருந்த பக்கம்.

ஷட்டருக்கு அடியில் நான் தவழ்ந்த வேகத்தைப் பார்த்தால் கைக்குழந்தைகூடச் சிரித்திருக்கும். என் ஒரு செருப்பும் நாலு எடைப் பலகையும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

தங்கை கணவருக்குப் போன் போட்டேன். உண்மையைச் சொன்னால் சிரித்துவிட்டு வாங்கிவிடுவார். தங்கை உட்காரப் போவது அந்த இடது சீட்டில்.

"வேண்டாம் மாப்ளே. அடிச்சட்டம் பூரா துரு."

"உங்களுக்கு வயித்தெரிச்சல் மச்சான்" என்று வைத்துவிட்டார். தொழிலில் நான் சொன்ன முதல் பொய் அது.

6.20-க்குத் தங்கை கூப்பிட்டாள்.

"நல்லவேளைண்ணா, வேண்டாம்னு சொல்லிட்ட. ஞாயித்துக்கிழமை வண்டி பாக்கப் போனப்ப அதுல கொஞ்ச நேரம் உக்காந்தேன். சொன்னா அவர் கிண்டல் பண்ணுவாருன்னு வாயே தொறக்கல."

"என்னத்த?"

"யாரோ தோள்ல கை போட்டாங்க. அவர்தான்னு நெனச்சு நானும் சாஞ்சுக்கிட்டேன்..."

"அப்புறம்?"

"கண்ணத் தொறந்து பாத்தேன். அவர் காருக்கு முன்னாடி நின்னு என்னைப் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாரு."