பின் சீட்டுத் தளபதி

இது நடந்து இரண்டு வருடமாகிறது. திருகோணமலை அன்புவழிபுரத்தில் இருந்து கிளிவெட்டிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்குத் தினமும் போய் வருகிறேன். ஆசிரியர்கள் சேர்ந்து மாத வாடகைக்குப் பிடித்த வான் ஒன்று விடியப்புறம் வீட்டு ஒழுங்கை முகப்புக்கு வரும். ஆசிரியர் வானில் போய் வந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். முதல் தவணையில் யார் எந்த இடத்தில் இருந்தாரோ, வருடம் முடியுமட்டும் அது அவருடைய இடம். தெரியாத்தனமாக மாறி இருந்துவிட்டால், சொத்தைப் பறித்த மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

நான் அந்த வானுக்குப் புதிதாக வந்தபோது முன் வரிசை ஜன்னல் ஓரம் எங்கள் கணித சேருடைய இடமாக இருந்தது. காற்று நன்றாக வரும் நல்ல இடம். முதல் நாள் நான் ஏறி, எங்கே இருப்பது என்று தெரியாமல் குனிந்தபடி நிற்கிறேன். அவர் எழும்பினார். பையை எடுத்துக்கொண்டு கடைசி வரிசை மூலைக்குப் போய் இருந்துவிட்டார். "இருங்கோ டீச்சர்" என்றுகூடச் சொல்லவில்லை. வான் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆசிரியர் வானில் ஒருவர் தன் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுப்பது என்றால் சும்மா விசயமா?

நான் தமிழ் படிப்பிக்கிறவள். எங்களுக்கு ஒரு வியாதி உண்டு. செய்யுளில் கொக்கு பறந்தால், அது ஏன் பறந்தது, யாரை நினைத்துப் பறந்தது என்று கேட்காமல் விடமாட்டோம். அந்த சீட்டையும் நான் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன்.

அந்த நேரம் நானும் பக்கத்தில் இருக்கும் விஞ்ஞான டீச்சரும் ஒரு தொடர் நாடகத்தில் விழுந்து கிடந்தோம். அவர் டவுனில் இருந்து வருகிற முஸ்லிம் சிநேகிதி, என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தொடர், வேறு தேசத்து மாயாஜாலக் கதை, தமிழில் குரல் கொடுத்தது. புயலைக் கூப்பிடத் தெரிந்த ஒரு இளம் ராணி. அவளுடைய கோட்டைக்குக் காவலாக ஒரு தளபதி. ஆள் வாயே திறக்கமாட்டார். ராணி புயலைக் கூப்பிட்டுக் கை வெந்துபோய் நிற்பாள். இவர் தன் கையுறைகளைக் கழற்றிக் கல்லில் வைத்துவிட்டு, திரும்பியும் பாராமல் நடந்துவிடுவார். பனி கொட்டக்கொட்டக் கூடாரத்துக்கு வெளியே நின்றுவிட்டு, விடிந்ததும் "குதிரை ஆயத்தம்" என்று மட்டும் சொல்வார்.

அந்த இரண்டு சொல்லுக்கு நான் வானில் மூன்று நாள் விளக்கம் சொன்னேன். வாயால் சொல்கிற காதலுக்கு அளவு இருக்கிறது, சொல்லாததற்கு அளவே இல்லை என்று அளந்து தள்ளினேன். விஞ்ஞான டீச்சர் விட்டுக்கொடுக்கமாட்டார்.

"ராணிக்குக் காவல் நிக்கிறதுதான் அந்தாளுட வேல. நிக்கிறார். இதுல காதல் எங்க இரிக்கி புள்ள? எனக்கு ஆதாரம் காட்டுங்க."

"அந்தக் கண்ணைப் பாருங்கோ டீச்சர். அதைவிட வேற என்ன ஆதாரம்?"

"கண்ணுல தூசி விழுந்தாலும் அப்பிடித்தான் இரிக்கும்."

வான் சிரிக்கும். நான் மட்டும் சாரதிக்கு மேலே இருக்கும் கண்ணாடியைப் பார்ப்பேன். அதில் கடைசி மூலை தெரியும். சேர் தலையைக் கம்பியில் சாய்த்தபடி இருப்பார். நான் கதைக்கக் கதைக்க அவருடைய உதட்டில் மெல்லிய சிரிப்பு வரும். என் கதையைக் கேட்டுத்தான் சிரிக்கிறார் என்று எனக்குள் ஒரே புளுகம், மனம் துள்ளும். அதனால் அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கதைப்பேன். இரவில் பாடக்குறிப்பு எழுதுகிற நேரத்தில்கூட, நாளைக்குத் தளபதியைப் பற்றி என்ன சொல்லலாம் என்றுதான் மனம் ஓடும்.

கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது அவர் போனைத் தூக்கி ஜன்னல் ஓரம் பிடிப்பார். ஒரு பக்கம் துறைமுகக் கடல், நங்கூரம் போட்ட கப்பல்கள், மறுபக்கம் தம்பலகாமக் குடா. அந்தக் காட்சியை எல்லாரும்தான் படம் பிடிப்பார்கள். ஆனால் இவர் ஒவ்வொரு நாளும் பிடிப்பார். என் குரலைத்தான் களவாகப் பதிகிறாரோ என்றுகூட நினைத்தேன். இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது, அப்போது இனித்தது.

ஒருமுறை காய்ச்சலில் சில நாள் போகவில்லை. திரும்பி வந்த அன்று அவராகவே முன்னுக்கு வந்து, "இப்ப சுகமோ டீச்சர்? ஏன் வரேல்ல?" என்று கேட்டார். மாதக்கணக்கில் வாய் திறக்காத மனுசன் கேட்ட கேள்வி. எனக்கு அன்று முழுக்கக் கால் நிலத்தில் படவில்லை. விஞ்ஞான டீச்சருக்கு என் நிலைமை விளங்கிவிட்டது. "இது ஆதாரமா, இல்லையா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "புள்ள, அந்த நாடகத்த எழுதினவனுக்குத் தளபதிட மனசு தெரியும். இவருட மனச ஆர் எழுதி வெச்சிரிக்கிற? வாயால கேளுங்க" என்றார்.

கேட்க வேண்டிய நெருக்கடியும் வந்தது. எனக்கு வெளிநாட்டில் இருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருந்தது. நல்ல குடும்பம், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆடி பிறந்தால் நல்ல காரியம் கதைக்கமாட்டார்கள், அதற்கு முதல் ஓமோ இல்லையோ சொல்லு என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றா. நான் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தேன். யாருக்காக இழுக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்ல வழியில்லை. சேர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், வீட்டில் போராடி நின்றிருப்பேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

ஆனி மாதக் கடைசியில் ஒருநாள், பாடசாலை விட்டு வரும்போது பாலம் முடிகிற இடத்தில் வான் டயருக்குக் காற்றுப் போய்விட்டது. எல்லாரும் இறங்கினோம். ரோட்டோரத்தில் இறால் விற்றுக்கொண்டிருந்தார்கள். விஞ்ஞான டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வாங்க வாங்க, நல்ல இறால்" என்று மற்றவர்களை எல்லாம் இழுத்துக்கொண்டு போனார். இறாலை மணந்தாலே தும்முகிறவர் அவர். சேர் பாலத்துக் கம்பியைப் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சோளகக் காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"சேர், எனக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கு. ஆடிக்கு முதல் முடிவு சொல்லவேணுமாம்."

"நல்ல விசயம்தானே டீச்சர்."

"நான் என்ன சொல்லவேணும் எண்டு நீங்கள் நினைக்கிறீங்கள்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு கிட்ட, அவ்வளவு நேராக அவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "டீச்சர், ஒருத்தருக்கும் சொல்லாத விசயம் ஒண்டு. உங்களுக்குச் சொல்லலாம்போல இருக்கு" என்றார். என் நெஞ்சு அடித்த அடி காற்றையும் மீறிக் கேட்டது. இதோ, இத்தனை நாளும் நான் காத்திருந்தது வருகிறது என்று நினைத்தேன்.

வந்தது. ஆனால் எனக்கு வரவில்லை.

கனடாவில் ஒரு பிள்ளை இருக்கிறாளாம். எங்கள் பக்கத்துச் சீனக்குடாப் பிள்ளை, குடும்பத்தோடு அங்கே போய்விட்டாளாம். வீட்டில் இன்னும் சம்மதிக்கவில்லையாம். வெளியே கசிந்தால் காரியம் கெட்டுப்போகும் என்று மூச்சுக் காட்டாமல் இருக்கிறாராம். எங்களுக்கு விடிகிற நேரம் அவளுக்கு வேலை முடிகிற இரவு. அந்த நேரத்தில்தான் ஒவ்வொரு நாளும் வானில் இருக்கும் இவருக்குக் கோல் எடுப்பாளாம்.

"நான் கதைச்சா வானுக்கே கேக்கும். அதுதான் நான் கதைக்கிறேல்ல. அவ கதைப்பா, நான் கேட்டுக்கொண்டு வருவன். இயர்போன் போட்டிருக்கிறது ஜன்னல் பக்கக் காதில எண்டபடியா ஒருத்தருக்கும் தெரியாது. நல்ல காலம் நீங்கள் வந்தனீங்கள், அந்தச் சாட்டில பின்னுக்குப் போயிட்டன். முன் சீட்டில இருந்தா எல்லாரும் கண்டுபிடிச்சிருப்பினம்."

பிறகு அவர் நிற்பாட்டவில்லை. பாலம் கட்டின புதிதில் அவள் தகப்பனோடு பின்னேரங்களில் இங்கே காற்று வாங்க வருவாளாம். அந்தக் கடற்காற்றுச் சத்தம் வேண்டும் என்று கேட்பாளாம். அதற்குத்தான் பாலத்தில் ஏறியதும் போனை ஜன்னலில் பிடிப்பாராம். பனியில் பஸ்சுக்கு நிற்கும்போது விரல் மரத்தாலும் போனை வைக்கமாட்டாளாம். பாட்டுப் பாடுவாளாம், சுருதியே சேராதாம், அதைச் சொன்னால் கோபித்துக்கொண்டு இன்னொரு பாட்டுப் பாடுவாளாம். அவளுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வாள், சிரித்தால் எப்படி மூச்சை இழுப்பாள், எல்லாம் சொன்னார். வானில் வருடம் முழுக்கக் கேட்காத அவருடைய குரலை அந்தப் பத்து நிமிடத்தில் கேட்டு முடித்தேன். முகம் மலர்ந்து, கண் மினுங்கி, ஆளே வேறு ஆளாக நின்றார். அவர் அவ்வளவு வடிவு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"உங்கட சத்தமும் அவவுக்குக் கேக்கும் டீச்சர். உங்களுக்குக் காய்ச்சல் வந்த நேரம், முன்னுக்கு இருந்து கதைக்கிற டீச்சர் எங்க எண்டு அவதான் கேட்டவ. அதென்ன, ஆரோ ஒரு தளபதியாம்? எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. அது என்ன நாடகம்?"

ஒரு வருடமாக இந்த மனுசனுக்குக் கேட்கட்டும் என்று நான் தொண்டை கிழியச் சொன்ன விளக்கங்களில் ஒரு சொல்கூட அவர் காதில் விழவில்லை. கேட்டதெல்லாம் கடலுக்கு அப்பால் இருந்த அவள்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "சும்மா ஒரு மாயாஜாலக் கதை சேர்" என்றேன். "கண்ணுக்க தூசி" என்று சொல்லிக்கொண்டு முகத்தைத் திருப்பிச் சேலைத் தலைப்பால் துடைத்தேன்.

நான் கேட்டது என்னவென்று அவருக்கு விளங்கித்தான் என் மனம் நோகாமல் இப்படிச் சொன்னாரா, இல்லை ஒன்றும் விளங்காமல் தன் பாட்டில் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. அதற்கு விளக்கம் தேட நான் போகவில்லை. அந்த வேலை எனக்குப் போதும் என்றாகிவிட்டது.

அடுத்த நாள் வானில் ஏறி வாயைத் திறக்காமல் இருந்தேன். சீனக்குடா தாண்டியது. பாலத்தில் ஏறும்போது பழக்கத்தில் கண் கண்ணாடிக்குப் போனது. அவர் போனை ஜன்னலில் பிடித்திருந்தார். நேற்றுவரைக்கும் எனக்கு இனித்த அந்தக் காட்சி அன்று நெஞ்சை அறுத்தது. அதே நேரம், வேலை முடிந்த களைப்போடு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு இந்தக் காற்றுக்காகக் காத்திருக்கிற அந்தப் பிள்ளையையும் நினைத்துப் பார்த்தேன். அவள்மேல் கோபப்பட எனக்கு ஏலாமல் போய்விட்டது. ஏங்குகிறவளுக்கு ஏங்குகிறவளைத் தெரியும்.

விஞ்ஞான டீச்சர் என்னை இடித்தார். நடந்தது அவருக்கு இன்னும் தெரியாது. "என்ன புள்ள, இண்டைக்கு வாய் பூட்டா? தளபதிக்குக் காதல் இரிக்கா, இல்லையா? முடிவச் சொல்லுங்க."

நான் மூச்சை இழுத்துவிட்டு, பின் சீட்டு வரைக்கும், அதற்கும் அங்காலே போனுக்குள்ளும் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்.

"இருக்கு டீச்சர். நிறைய இருக்கு. ஆனா அது ராணியில எண்டு ஆர் சொன்னது?"

விஞ்ஞான டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார். எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்கிற அந்த மனுசி அன்று ஒன்றும் கேட்கவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பாடசாலை வருமட்டும் விடவேயில்லை.

வந்த சம்பந்தத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீம்பில் சொல்லவில்லை. ஒருவரை மனதில் வைத்து அழுதுகொண்டு இன்னொருவருக்குத் தலையாட்டினால் அது அந்த மனுசனுக்குச் செய்கிற அநியாயம். அம்மா ஆடி முழுக்க என்னோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை.

போன வருடம் அந்தக் கனடாப் பிள்ளையுடைய வீட்டார் ஒருவழியாக இறங்கி வந்தார்கள். கலியாணம் டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வான் ஆட்கள் எல்லாரும் போனோம். அவள் மணவறையில் இருந்தே என் குரலைக் கேட்டு அடையாளம் கண்டு, "நீங்கள்தானே அந்த டீச்சர்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் குரலை நான் கேட்டது அன்றைக்குத்தான். சேர் பக்கத்தில் பழையபடி வாய் திறக்காமல் சிரித்துக்கொண்டு இருந்தார்.

இப்போது அவர் அந்த வானில் வருவதில்லை, கடைசி மூலையில் வேறு யாரோ இருக்கிறார்கள். அவருக்குள் அன்பு இருக்கிறது என்று நான் கண்டுபிடித்தது சரிதான், அது எனக்கு என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை. என்றாலும், அன்று பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் கதைத்த மாதிரி, என்னைப் பற்றியும் எங்கேயாவது ஒருவர் யாரிடமாவது மூச்சுவிடாமல் கதைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் போகவில்லை.